எந்தப் பீடத்தில் வணங்குவது: டஞ்சன் கிராலில் தெய்வம் தேர்ந்த அனுபவம்

டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப் விளையாட்டில் முதன்முதலாகக் கோயிலுக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த பீடங்கள் ஒவ்வொன்றின் மீதும் ஏறி நின்று, அந்தந்தத் தெய்வம் என்னென்ன வரங்களைத் தரும் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். எந்தப் பட்டியல் நீளமாக இருந்ததோ அந்தத் தெய்வத்தை வணங்கினேன். அந்தக் கதாபாத்திரம் அடுத்த இரண்டு தளங்களைத் தாண்டவில்லை. அதன் பிறகும் ஏறக்குறைய ஓராண்டு காலம் இதே முறையில்தான் தெய்வங்களைத் தேர்ந்துகொண்டிருந்தேன். வரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, தெய்வம் என்னிடம் என்ன கேட்கிறது என்பதைப் பார்க்கத் தொடங்கிய பிறகே என் ஆட்டம் தேறியது.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லின்லி ஹென்செல் என்பவர் 1997இல் வெளியிட்ட டஞ்சன் கிராலிலிருந்து கிளைத்து, 2006 முதல் ஆர்வலர்கள் கூடி வளர்த்துவரும் இலவசக் கணினி விளையாட்டு இது. நிலவறையின் ஆழத்தில் இருக்கும் ஸாட் கோளத்தை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும். அந்தக் கோளம் இருக்கும் ஸாட் உலகுக்குள் நுழைவதற்கே, சாவி போன்ற ரூன்கள் எனும் மாயச் சின்னங்கள் குறைந்தது 3 தேவை. முழு உலகத்தையும் சுற்றினால் 15 ரூன்கள் சேர்க்கலாம். இறந்தால் இறந்ததுதான், பழைய சேமிப்புக்குத் திரும்ப வழியில்லை. பெரும்பாலும் 4ஆம் தளத்துக்கும் 7ஆம் தளத்துக்கும் இடையில் கோயிலுக்குச் செல்லும் படிக்கட்டு தென்படும். 20க்கும் மேற்பட்ட தெய்வங்களில் சிலவற்றின் பீடங்கள் அங்கே இருக்கும். மற்றவற்றின் பீடங்கள் நிலவறையில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தெய்வத்தைத்தான் வணங்க முடியும். பக்தி வளர வளரத் திரையில் நட்சத்திரங்கள் கூடும். மொத்தம் 6 நட்சத்திரங்கள். அவற்றுக்குரிய பக்திப் புள்ளிகள் 30, 50, 75, 100, 120, 160. பதிப்புக்குப் பதிப்பு சில விவரங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், நான் ஆடிய பதிப்புகளை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

என்னை மாற்றியது ட்ரோக் என்ற தெய்வத்தோடு எனக்கு நேர்ந்த அனுபவம். ட்ரோக் வெறியின் தெய்வம். கோடரியோ கதாயுதமோ ஏந்தி நேருக்கு நேர் மோதுபவர்களை அது விரும்பும். மந்திரம் சொல்பவர்களை அறவே வெறுக்கும். அதன் முதல் வரமான வெறியாட்டம், சில நொடிகளுக்கு உயிர்நிலையைப் பெருக்கி, வேகத்தைக் கூட்டி, அடியின் பலத்தை ஏற்றிவிடும். புதிதாக ஆடுபவர்களுக்குக் காளைத்தலை மனிதர்களான மினோட்டார் இனத்தில் பெர்செர்க்கர் வகுப்பைப் பலர் பரிந்துரைப்பது இதனால்தான். ஆனால் வெறி அடங்கியதும் உடல் தளர்ந்து வேகம் குறையும். வெறியில் இருக்கும் வரை மாயச் சுருளைப் படிக்கவோ மருந்தைக் குடிக்கவோ இயலாது. தப்பிக்கும் வழிகளை மூடிக்கொண்டு தாக்கும் வரம் அது என்பதை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

அந்த முறை நான் எடுத்தது மனித இனத்து வீரன். 3ஆம் தளத்திலேயே ட்ரோக்கின் பீடம் கிடைத்துவிட்டது. ஐந்து நட்சத்திரம் வரை எந்தச் சிக்கலும் இல்லை. ட்ரோக் இரண்டு கோடரிகளைப் பரிசாகத் தந்தது. ஆபத்தில் அழைத்தபோது துணைக்கு ஆட்களை அனுப்பியது. பிறகு, முதன்மை நிலவறையிலிருந்து பிரியும் லேர் என்ற விலங்குக் கிளையின் 2ஆம் தளத்தில் ஒரு மந்திர நூல் கிடைத்தது. அதில் இருந்த தீ மந்திரங்களைப் பார்த்ததும், இவ்வளவு நல்ல நூலை வைத்துக்கொண்டு கோடரியைச் சுழற்றிக்கொண்டிருப்பது வீண் என்று தோன்றிவிட்டது. கோயிலுக்குத் திரும்பி நடந்து, ட்ரோக்கைக் கைவிட்டு, அழிவு மந்திரங்களின் தெய்வமான வெஹுமெட்டை வணங்கினேன்.

அப்போது என் நிலையை நான் நிதானமாகக் கணக்கிட்டிருக்க வேண்டும். வெஹுமெட்டிடம் எனக்கு ஒரு நட்சத்திரம் கூட இல்லை. எனவே எந்த வரமும் இல்லை. மந்திரத் திறன்கள் அனைத்தும் பூஜ்யத்தில் இருந்தன. அணிந்திருந்த கனத்த கவசம் மந்திரம் சொல்வதற்குத் தடையாக இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கைவிடப்பட்ட ட்ரோக்கின் கோபம் என்னைத் தொடர்ந்து வந்தது. லேரின் 3ஆம் தளத்தில் நான்கு தலை ஹைட்ரா ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தபோது, என்னைச் சுற்றி ஓகர்கள் எனும் வெறியேறிய அரக்கர்கள் திடீரெனத் தோன்றினார்கள். முன்பு எனக்குத் துணையாக வந்த அதே வகைப் படைதான். இப்போது எனக்கு எதிராக வந்திருந்தது. பழைய பழக்கத்தில் வெறியாட்டத்தைத் தேடினேன், அது பட்டியலில் இல்லை. புதிய தெய்வத்திடம் கேட்பதற்கும் எதுவும் இல்லை. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நின்ற அந்த வீரன் ஏழெட்டு நகர்வுகளில் விழுந்தான்.

பீடத்தின் மீது நிற்கும்போது திரையில் வரும் விளக்கத்தில், வரங்களுக்கு அடுத்த பக்கத்திலேயே அந்தத் தெய்வத்தின் கோபம் எப்படி இருக்கும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அத்தனை மாதங்களில் அந்தப் பக்கத்தை நான் ஒருமுறை கூடத் திறந்ததில்லை. இப்போது அதைத்தான் முதலில் படிக்கிறேன். எல்லாத் தெய்வங்களும் ஒரே மாதிரி கோபிப்பதில்லை. நல்ல தெய்வங்கள் என்று அழைக்கப்படும் ஸின், எலிவிலோன், ஷைனிங் ஒன் ஆகிய மூன்றில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறினால் தண்டனை இல்லை. ரூ என்ற தெய்வம் விலகிச் செல்பவரைத் துரத்தாது. ஆனால் அதற்குக் கொடுத்தது எதுவும் திரும்பி வராது. மாறியே ஆக வேண்டும் என்றால், கோபம் எந்த வடிவில் வரும் என்று அறிந்து, அதைத் தாங்கும் அளவுக்கு மருந்துகளையும் சுருள்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, எளிதில் வெல்லக்கூடிய தளங்கள் சிலவற்றை மிச்சம் வைத்துவிட்டு மாற வேண்டும். மூலையில் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் கோபம் தணிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. அனுபவப் புள்ளிகள் சேரச் சேரத்தான் அது தீரும். எனவே சண்டையிட்டே தீர்க்க வேண்டும், அந்தச் சண்டைகளின் நடுவில்தான் அது வந்து தாக்கவும் செய்யும்.

இந்த இழப்புக்குப் பிறகு நான் ஒரு சிறு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். கோயிலுக்குள் நுழையும் முன், அதுவரை கொன்ற எதிரிகளை எதைக்கொண்டு கொன்றேன் என்று திறன் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். நான் யார் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்றாகவும், அந்தப் பட்டியல் காட்டுவது வேறொன்றாகவும் பலமுறை இருந்திருக்கிறது. மந்திரவாதி என்று தொடங்கிய பாத்திரம், நான்கு தளங்கள் முழுவதும் குறுவாளால் குத்தியே பிழைத்திருக்கும். தெய்வம் பார்ப்பது என் எண்ணத்தை அன்று. ஆயிரக்கணக்கான நகர்வுகளில் என் கை என்ன செய்கிறது என்பதைத்தான் அது எடை போடுகிறது. நான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கே பக்தி தரும் தெய்வம் எதுவோ, அதுவே எனக்கு ஏற்றது.

இதைச் சொல்வது எளிது, செயலில் கடினம். செய்பிரியாடோஸிடம் நான் பட்ட பாடு இதற்குச் சான்று. அது மந்தகதியின் தெய்வம். வணங்கியவுடன் நடை மெதுவாகிவிடும். அதற்கு ஈடாக, பக்தி உயர உயர வலிமை, அறிவு, சுறுசுறுப்பு ஆகிய மூன்றும் ஏறும், உச்சத்தில் ஒவ்வொன்றிலும் 15 வரை கூடும். தாக்கும் வேகமும் மந்திரம் சொல்லும் வேகமும் குறையாது, நடப்பது மட்டுமே தாமதப்படும். 15 புள்ளிகள் என்பது இந்த விளையாட்டில் பெருஞ்செல்வம். அதைக் கண்டு மயங்கி வணங்கிய என் முதல் மூன்று பாத்திரங்களும் ஒரே விதமாக இறந்தன. 9ஆம் தளத்தின் திறந்தவெளியில் பாதி மனிதனும் பாதி குதிரையுமான, வில்லேந்திய சென்டார் ஒன்று தென்படும். வழக்கம்போல் பக்கத்துச் சுவரின் மறைவுக்குப் போக முயல்வேன். மறைவு நான்கு கட்டம் தள்ளித்தான் இருக்கும், ஆனால் அந்த நான்கு கட்டங்களைக் கடப்பதற்குள் அம்புகள் பாதி உயிரைத் தின்றிருக்கும். எனக்கு இருந்த ஒரே உத்தி, ஆபத்தைக் கண்டதும் பின்வாங்குவது. செய்பிரியாடோஸ் என்னிடம் கேட்ட விலை அந்த உத்தியேதான்.

நான்காவது பாத்திரத்தில், பின்வாங்குவதை ஆபத்து வந்த பிறகு செய்யாமல், கதவைத் திறக்கும் முன்பே செய்யக் கற்றுக்கொண்டேன். புதிய அறையை எட்டிப் பார்ப்பேன். உள்ளே இருப்பவர்கள் விழிக்கும்படி ஒரு சத்தம் எழுப்புவேன். உடனே திருப்பத்துக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வேன். வில்லாளியும் திருப்பம் கடந்து அருகில் வந்தாக வேண்டும். வேகமான எதிரிகளைக் கொல்வதே இந்தத் தெய்வத்துக்குப் பிடித்தமானது என்பதால், ஓடி வந்து விழும் ஒவ்வொரு உயிரும் பக்தியாக மாறியது. இயல்பிலேயே மெதுவாக ஊர்ந்து செல்லும் நாகா இனத்தை இத்தெய்வத்துக்குப் பலர் ஏன் தேர்கிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. நாகாவாக ஆடுபவர் ஓடிப் பிழைக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டிருப்பார். அவரிடமிருந்து இத்தெய்வம் பறித்துக்கொள்ள அதிகம் இல்லை.

தெய்வம் கேட்பதில் எனக்குப் பொருட்டில்லாதது எது, உயிர் போன்றது எது என்று பிரித்தறிவதே இந்தத் தேர்வின் சாரம் என்று கருதுகிறேன். அதை எனக்கு மிகத் துல்லியமாகக் கற்றுத்தந்தது ரூ. இந்தத் தெய்வத்துக்கு நாம் எத்தனை பேரைக் கொன்றோம் என்பதில் அக்கறையில்லை. அவ்வப்போது மூன்று தியாகங்களை முன்வைத்து, அவற்றில் ஒன்றைக் கொடுக்கிறாயா என்று கேட்கும். மறுக்கலாம், மறுத்தால் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு கையைக் கேட்கும். கொடுத்தால் கேடயமும் இரு கை ஆயுதங்களும் இல்லை. அன்பைக் கேட்கும், கொடுத்தால் எந்தத் துணையும் நம்மோடு நிற்காது. சில மந்திரப் பிரிவுகளைக் கேட்கும், கருவிகளை இயக்கும் திறனைக் கேட்கும், சொற்களைக் கேட்கும். தியாகம் பெரிதாக இருந்தால் கிடைக்கும் பக்தியும் பெரிது. கொடுத்ததற்கு ஈடாக, தாக்க வருபவர்களைத் தயங்க வைக்கும் சக்தியும், இறுதியில் கண்ணில் படும் அனைவரையும் ஒருசேர வீழ்த்தும் சக்தியும் கிடைக்கும்.

கேடயமும் கோடரியும் ஏந்திய ஒரு மினோட்டாரோடு ரூவை வணங்கினேன். முதலில் மந்திரப் பிரிவுகளைக் கேட்டது. ஒரு மந்திரமும் அறியாத பாத்திரத்துக்கு அதனால் இழப்பே இல்லை, உடனே கொடுத்தேன். அடுத்து அன்பைக் கேட்டது. துணை வைத்து ஆடும் வழக்கம் எனக்கு இல்லை, அதையும் கொடுத்தேன். மூன்றாம் முறை கை, ஆரோக்கியம், சொற்கள் ஆகிய மூன்றும் வந்தன. கேடயத்தை விட மனமில்லை, ஆரோக்கியத்தையும் விட முடியாது. சொற்களைக் கொடுத்தால் எதிரிகளின் அச்சுறுத்தல் இருக்கும்போது சுருள்களைப் படிக்க இயலாது என்று விளக்கம் சொன்னது. கடந்த ஐந்து தளங்களில் சண்டையின் நடுவே ஒரு சுருளைக்கூட நான் படித்திருக்கவில்லை. அதனால் அதுவும் எனக்குத் தேவையற்றது என்று முடிவு செய்து கொடுத்துவிட்டேன்.

வால்ட்ஸ் கிளையின் 2ஆம் தளத்தில், முன்னும் பின்னும் காவலர்கள் சூழ்ந்துகொண்டபோது என் பையில் இடம்பெயரும் சுருள்கள் ஐந்து இருந்தன. படிக்க முடியவில்லை. ஐந்து தளங்களில் ஒன்றைக்கூடப் படிக்காதது, அவை தேவையற்றவை என்பதால் அன்று. அதுவரை அத்தகைய நாள் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். தியாகம் செய்யும் முன், அன்றாடம் எதைப் பயன்படுத்துகிறேன் என்று மட்டும் பார்த்தேனே தவிர, கடைசி நேரத்தில் எதற்குக் கை நீளும் என்று பார்க்கவில்லை. அன்று முதல் எந்தத் தெய்வத்தின் தடையைப் படித்தாலும் என் இக்கட்டான கணத்தை வைத்தே அதை அளக்கிறேன். சாதாரண நாட்களில் எல்லாத் தடைகளும் இலேசாகத்தான் தெரியும்.

வேறு சில தெய்வங்களைப் பற்றியும் இந்தக் கோணத்தில் சொல்லிவிடலாம். கோசாக்கை வணங்கக் காசு கொடுக்க வேண்டும்; பிறகு விழும் பிணங்களெல்லாம் தங்கமாக மாறும், அந்தத் தங்கத்தைக் கொண்டு வணிகர்களை அழைக்கலாம், ஒரு கிளையில் வாழும் எதிரிகளுக்கே கையூட்டு தரலாம். பிணங்களை எழுப்பிப் படை சேர்க்கும் மந்திரவாதிக்கு இதைவிடப் பொருந்தாத தெய்வம் வேறில்லை. ஒகவாரு போர்த்திறனையும் நல்ல ஆயுதங்களையும் தரும், ஆனால் தனித்து நின்று போரிட வேண்டும், துணைகளை ஏற்காது. ஷைனிங் ஒன் ஒளிவட்டம் தந்து மறைந்திருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கும். அதே ஒளி என்னையும் காட்டிக்கொடுக்கும் என்பதால் பதுங்கிச் சென்று குத்துபவருக்கு அது ஆகாது. பேய்களும் இறந்தும் இறவாதவர்களும் நிறைந்த கடைசிக் கிளைகளில் மட்டும் அதற்கு இணை இல்லை. ஸோம் தன் பொழுதுபோக்குக்காக எதை வேண்டுமானாலும் செய்யும். உயிரோடு கோளத்தை மேலே கொண்டுவர வேண்டும் என்று நினைக்கும் பாத்திரத்தை நான் அதனிடம் ஒப்படைப்பதில்லை.

எப்போது தேர்வது என்பதும் எதைத் தேர்வது என்பதைப் போலவே முக்கியம். முன்கூட்டியே ஒரு தெய்வத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் பீடம் கிடைக்கும் வரை மற்றவற்றைத் தொடாமல் 9, 10ஆம் தளம் வரை வெறுங்கையோடு இறங்கியிருக்கிறேன். அத்தனை தளங்களில் கொன்ற எதிரிகள் ஒருவரும் பக்தியாக மாறவில்லை. அந்த இழப்பைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம். மறுபுறம், 2ஆம் தளத்தில் கண்ட முதல் பீடத்திலேயே வணங்கிவிட்டு, அடுத்த தளத்தில் தெய்வத்துக்கு ஆகாத அருமையான பொருள் கிடைத்து வருந்தியதும் உண்டு. இப்போது கோயிலை எல்லையாக வைத்துக்கொள்கிறேன். கோயிலுக்கு வரும்போது கையில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்ற தெய்வம் அங்கே இருந்தால் அதை எடுத்துக்கொள்கிறேன். இருப்பதில் முழுமையாகப் பொருந்துவது இல்லையென்றால், குறைந்த தடை விதிப்பது எதுவோ அதை எடுத்துக்கொள்கிறேன்.

தெய்வத்தைத் தேரும் உரிமையே இல்லாத விளையாட்டுகளும் உண்டு. 1987இல் வெளிவந்த நெட்ஹேக்கில், நாம் எடுக்கும் வகுப்பும் ஒழுக்கநெறியுமே தெய்வத்தை முடிவு செய்துவிடும். வால்கிரி என்றால் டிர், ஓடின், லோகி ஆகிய மூவர்; அவர்களில் நம் நெறிக்கு உரியவரே நம் தெய்வம். உயிர்நிலை ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய நெருக்கடியில் வேண்டினால் பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால் வேண்டுதல்களுக்கிடையே போதிய இடைவெளி விட வேண்டும். ஒருமுறை காப்பாற்றிய தெய்வத்தையே நூறு நகர்வுகளுக்குள் மறுபடி அழைத்து, அதன் கோபத்தாலேயே ஒரு வால்கிரியை இழந்தேன். வரத்தைச் சிக்கனமாகக் கையாளும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

2015இல் வந்த பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் பூசாரி வகுப்பை எடுத்தால் ஐந்து தெய்வங்களில் ஒன்றைத் தேர வேண்டும். அங்கே தெய்வம் கவனிப்பது சண்டையை விடப் பேச்சை. எயோதாஸின் பூசாரியாக ஆடினேன். கருணையையும் நேர்மையையும் விரும்பி, கொடுமையையும் வஞ்சகத்தையும் வெறுக்கும் தெய்வம் அது. உரையாடல்களில் காரியம் முடிய வேண்டும் என்பதற்காக நான் கூசாமல் சொன்ன சிறு பொய்கள் சேர்ந்து, தோழர்களின் காயம் ஆற்றும் என் புனித ஒளியின் வலிமையைக் குறைத்துவிட்டன. பொய் சொல்லும் வாக்கியங்களை நான் எவ்வளவு இயல்பாகத் தேர்கிறேன் என்பதை அந்த எண்கள் காட்டியபோதுதான் கவனித்தேன். இதற்கு மாறாக, 2023இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3இல் பூசாரியின் சக்திகளை முடிவு செய்வது அவர் எடுக்கும் துறைதான். தெய்வத்தின் பெயர் உரையாடல்களில் மட்டுமே எதிரொலிக்கும். அங்கே கணக்குப் பார்க்காமல், அந்தப் பாத்திரத்தின் வாயில் எந்தப் பெயர் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்வதே நல்லது. எனவே புதிய விளையாட்டு எதையும் தொடங்கும்போது, தெய்வம் என் செயலை எடை போடுகிறதா, பேச்சை எடை போடுகிறதா, பெயராக மட்டும் நிற்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்கிறேன்.

இப்போது கிராலில் நான் ஆடிக்கொண்டிருப்பது ஒரு பனி மந்திரவாதி. 5ஆம் தளத்தில் கோயில் கிடைத்தது. அதற்கு முந்தைய தளத்தில் அழகிய கோடரி ஒன்றும் கிடைத்திருந்தது. கோயிலில் ஒகவாருவின் பீடமும் வெஹுமெட்டின் பீடமும் அடுத்தடுத்து இருந்தன. கோடரியைப் பார்த்ததும் மனம் ஒகவாருவின் பக்கம் சாய்ந்தது. திறன் பட்டியலைத் திறந்தேன். பனி மந்திரத்தில் 7, கோடரியில் பூஜ்யம். இரண்டு தெய்வங்களின் கோபப் பக்கங்களையும் படித்துவிட்டு, கோடரியைப் பீடத்தருகில் தரையில் வைத்துவிட்டு, வெஹுமெட்டை வணங்கினேன். இரண்டு தளங்களுக்குப் பிறகு முதல் நட்சத்திரம் வந்தது. அதோடு வெஹுமெட் ஒரு மந்திரத்தைத் தர முன்வந்தது. அது தீ மந்திரம். அதைக் கற்பதென்றால் பனிக்கு ஒதுக்கும் பயிற்சியில் பாதியைத் தீக்குத் தர வேண்டும். இந்தத் தெய்வம் தருவதை மறுத்தாலும் கோபிக்காது, சிறிது காலத்தில் வேறொன்றைத் தரும் என்பதால், அதை அப்படியே காலாவதியாக விட்டுவிட்டு, பனியோடு 8ஆம் தளத்துக்குப் படியிறங்கினேன்.